ஏணியைப் பிடித்திருப்பவன்

சிலோயே தீவில் ஜூலை மழை நிற்பதில்லை,
நடுவில் கொஞ்சம் மூச்சு வாங்கும்.
அப்படி அது மூச்சு வாங்கிய அரைமணியில்
துத்தநாகக் கூரைக்கு ஏணி சாத்தினேன்.
கீழே பிடித்துக்கொள்ளக் கொழுந்தன் ஒனோஃப்ரே.
இவருக்கு சால்மன் பண்ணையில் பதினான்கு நாள் ஷிப்டு.

விஷயம் இதுதான்:
அடுப்புக் குழாய் கூரையைத் துளைத்துப் போகுமிடத்தில்
பலகையில் ஒரு கறை.
ஏப்ரலில் பத்து பெசோ நாணயமளவு,
மே முடிவில் தட்டளவு.
நேற்று அதிலிருந்து ஒரு சொட்டு
நேராக சூப்புச் சட்டிக்குள்.

"தகடுதான்" என்றான் ஒனோஃப்ரே,
நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.
"குழாயைச் சுற்றிப் போட்ட தகடு போயிருக்கும், அண்ணி."

அடுப்பை விடியுமுன்பே அணைத்திருந்தேன்.
பாசி படிந்த கூரையில் முழங்காலால் ஏறினேன்,
வாயில் டார்ச், இடுப்பில் ஸ்க்ரூ டிரைவர்.

தகட்டின் மேலோரம்
மேல் ஷீட்டுக்கு அடியில் நுழைந்திருக்க வேண்டும்.
நுழைந்திருந்தது.
கீழோரம் கீழ் ஷீட்டின் மேல் படுத்திருக்க வேண்டும்.
படுத்திருந்தது, சமர்த்தாக.
தண்ணீர் இறங்கக் கட்டும் படி இது,
ஒரு படி தலைகீழானாலும் போதும்,
தெருவுக்குப் போவது வீட்டுக்குள் வரும்.

பன்னிரண்டு திருகுகள்.
ஒவ்வொரு ரப்பர் வாஷரையும் நகத்தால் நெம்பினேன்.
ஏழாவது மட்டும் லேசாக அசைந்தது,
அரைச்சுற்று முறுக்கியதும் அடங்கிவிட்டது.
குழாயின் கழுத்துப் பட்டியைச் சுற்றிப்
பெருவிரலை ஓட்டினேன்.
போன கோடையில் நானே பூசிய பசை,
வெடிப்பில்லை, விலகவுமில்லை.

"என்ன ஆச்சு?" கீழேயிருந்து குரல்.
"பார்க்கிறேன்."

அப்போதுதான் உறைத்தது.
சட்டியில் விழுந்த சொட்டு தேநீர் நிறம்.
சூப்பு முழுக்கப் புகை நெடி.
மழைக்கு ஏது புகை நெடி?

தொப்பியைக் கழற்றிக்
குழாய்க்குள் டார்ச் அடித்தேன்.
உள்சுவரெங்கும் கருந்தேன்போல் தார்,
பளபளவென்று, ஈரமாக,
வழிந்துகொண்டே.
இது மேகத்திலிருந்து வந்ததில்லை.
விறகுக்குள் இருந்து வந்தது.

மார்ச்சில் ஆறு மீட்டர் தெப்பு விறகு.
"சருகு, அண்ணி, சருகு!
தட்டினால் மணிபோல் கேட்கும்"
என்று சத்தியம் செய்து காசை எண்ணி வாங்கியவன்
இப்போது என் ஏணியின் இரண்டு காலையும்
இறுகப் பிடித்திருக்கிறான்.

கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன்.
டார்ச் இன்னும் கொஞ்சம் கீழே சரிந்தது.

பரண் உயரத்தில் குழாயின் இணைப்பு.
மேல் குழாய் கீழ்க் குழாய்க்குள் இறங்க வேண்டும்,
வழிவது குழாயோடு போய் அடுப்பிலேயே வேகட்டும் என்று.
இங்கே மாறி நின்றது.
கீழ்க் குழாயின் நெளிந்த விளிம்பு
பல் பல்லாக என்னைப் பார்த்து இளித்தது.
பொருத்தியது யார்?
ஜனவரியில், யார் உதவியும் வேண்டாமென்று,
ரேடியோவை அலறவிட்டுக்கொண்டு,
நான்.

தொப்பியை மாட்டினேன்.
மறுபடி தூறல்.
இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும்
அவன் "மெதுவா, மெதுவா" என்றான்.

"தகடா?"
"தகட்டில் குறையில்லை."
அவன் விறகுக் கொட்டகைப் பக்கம் பார்த்தான்.
நான் என் கையிலிருந்த கரியைப் பார்த்தேன்.
"இந்த வருஷ மழை அப்படி" என்றான்.
"ஆமாம், மழைதான்" என்றேன்.
மழைக்கென்ன,
எதிர்வழக்கா போடப் போகிறது?

அன்றிரவே பரணேறி இணைப்பைத் திருப்பினேன்.
விரலில் ரத்தம், முழங்கை வரை தார்.

மூன்றாம் நாள் வாசலில் அரை வண்டி விறகு,
காசு கேட்காமல்.
இரண்டெடுத்து ஒன்றோடொன்று தட்டினேன்.
ணங்கென்றது.
அடியிலிருந்து இரண்டெடுத்துத் தட்டினேன்.

தொப்.